நாற்பது விழுக்காடு வெளிச்சம்

அந்த ஸ்டூடியோவில் எந்த மனிதரின் நிறத்தையும் அதன் பெயரால் சொல்லக் கூடாது. இதை யாரும் எழுதி ஒட்டியதில்லை, யாரும் மீறியதுமில்லை. திரையில் தன்னைப் பார்த்து ஒருவர் முகம் சுளித்தால், "லைட்டிங் கொஞ்சம் பத்தலைங்க, சரி பண்ணிடலாம்" என்பார் முதலாளி. பழி எப்போதும் வெளிச்சத்தின் தலையில்தான் விழும். சரிசெய்பவள் உள்ளறையில் கணினி முன் அமர்ந்திருக்கும் எடிட்டர். எல்லோருக்கும் அக்கா, அவளைவிட எட்டு வயது மூத்த முதலாளிக்கும் அக்காதான்.

படத்தின் மேல் அதே படத்தை இன்னொரு லேயராக வைப்பாள். அந்த லேயரை ஸ்கிரீன் முறைக்கு மாற்றினால் கீழிருக்கும் முகம் வெளுக்கும். அதன் அடர்வை நாற்பது விழுக்காட்டில் நிறுத்துவாள். கூடினால் சுண்ணாம்பு அடித்தது போலாகிவிடும். பிறகு லேயர்களை ஒன்றாக இணைத்துச் சேமித்து, மூலப்படத்தை அழித்துவிடுவாள். மூலத்தைக் கேட்டு இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

இன்று அவளே ஒரு மூலப்படத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பதினான்கு வயதான அவளுடைய மூத்த மகள் நேற்று முன்தினம் பள்ளியிலிருந்து வீடு திரும்பவில்லை. போலீசில் கொடுத்த படத்தை மகள் தினமும் ஏறும் பேருந்தின் நடத்துநரிடம் காட்டியிருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளாக அவளுக்கு டிக்கெட் கொடுத்த மனிதர் உதட்டைப் பிதுக்கினாராம்: "இந்தப் பொண்ணு நம்ம வண்டியில வர்றதே இல்லைங்க." காலையில் இன்ஸ்பெக்டர் படத்தைத் திருப்பித் தந்தார். "வேற போட்டோ கொண்டாங்கம்மா. பார்த்தா ஆள் தெரியணும்."

வேறு படம் இல்லை. பிறந்தநாள் படங்கள், பள்ளி அடையாள அட்டை, எல்லாமே இந்த அறையின் வழியாகப் போனவை. கைப்பேசிக் கேமராவோ தானாகவே முகத்தை மெழுகிவிடும் ரகம். அழித்த கோப்புகளை மீட்கும் மென்பொருளை மூன்று மணி நேரம் ஓடவிட்டாள். அது ஊரார் கல்யாணங்களை மட்டும் மீட்டுத் தந்தது.

போட்டதை எடுத்துவிட முடியாதா? அடையாள அட்டைப் படத்தைத் திறந்து, மேலே அதன் நகலை வைத்து மல்டிப்ளை முறைக்கு மாற்றினாள். அது நிறத்தை நிறத்தால் பெருக்கி இருட்டாக்கும் முறை. கண்களும் கூந்தலும் கரியாயின. கன்னத்தில் தான் ஏற்றிய வெண்மை மட்டும் அசையாமல் நின்றது. வெள்ளையை வெள்ளையால் எத்தனை முறை பெருக்கினாலும் வெள்ளைதான். இரண்டாவது நகல். மூன்றாவது. எங்கோ பார்த்த யாரோ ஒருத்தியின் முகம் வந்தது.

நகல்களை அழித்துவிட்டு ஒரு பழுப்பு லேயரை முகத்தின் மேல் விரித்தாள். நிறப்பெட்டியில் பழுப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. எது? அம்புக்குறி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. பெற்று, குளிப்பாட்டி, தலைவாரிவிட்ட பிள்ளை. நினைவில் தேடியபோது அங்கேயும் நாற்பது விழுக்காடு வெளுத்த முகமே வந்தது.

"அம்மா, என் கைய வச்சுப் பாரு." வீட்டில் தனியே விடப் பயந்து உடன் அழைத்து வந்திருந்த சின்னவள் நாற்காலியருகே நின்றாள். "நானும் அவளும் ஒண்ணுதான். ஸ்கூல்ல எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பட்டப்பேருதான்."

"என்ன பேரு?"

சின்னவள் தரையைப் பார்த்தாள். "போம்மா. நீ திட்டுவ."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. மகளை வாசலுக்கு இழுத்துப் போய், பகல் வெளிச்சத்தில் முன்கையை நீட்டச் சொல்லி ஸ்டூடியோ கேமராவில் படமெடுத்தாள். அந்தக் கையிலிருந்து நிறத்தை எடுத்துப் பழுப்பு லேயரில் ஊற்றினாள்; கண்ணின் வெள்ளையையும் பற்களையும் விலக்கினாள். அடர்வை மெல்ல ஏற்றினாள். எண்பதைத் தாண்டியபோது சின்னவள் கத்தினாள்: "போதும்! இது அவதான்!"

அச்சுப்பொறியிலிருந்து வந்த முதல் தாளை முன்கூடத்தின் மேசையில் வைத்தாள். கல்யாண ஆல்பம் புரட்டிக்கொண்டிருந்த மணப்பெண்ணும் அவள் தாயும் எட்டிப் பார்த்தார்கள். முதலாளி அவசரமாகத் தாளைக் கவிழ்த்தார். "என்னக்கா இது? பிள்ளைய இப்படியா போடுவாங்க? ஊரே பார்க்கும். கொஞ்சம் லைட்டிங்..."

அவள் தாளைத் திருப்பி வைத்தாள். கைப்பேசி ஒலித்தது, இன்ஸ்பெக்டர். எல்லா நிலையங்களுக்கும் வயர்லெஸ்ஸில் சொல்லப்போகிறார்களாம். உயரம் கேட்டார், சொன்னாள். உடை கேட்டார், சொன்னாள்.

"நிறம்?"

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "மாநிறம்னு சொல்லுங்கக்கா. அப்படித்தான் எல்லாரும் சொல்றது."

மணப்பெண் ஆல்பத்திலிருந்து தலை நிமிர்ந்தாள்.

"கறுப்பு சார்," என்றாள் அக்கா. கூடம் முழுவதும் கேட்கும் குரல். "மாநிறம்னு எழுதிடாதீங்க. என் பொண்ணு நல்ல கறுப்பு. அந்த போட்டோவ வெளுத்தது நான்தான். கறுப்புன்னு எல்லா ஸ்டேஷனுக்கும் சொல்லுங்க சார், கறுப்பு."