இடுப்பில் இருந்த எண்

"கைய எடு புள்ள! சூடு இன்னும் அடங்கல."

சித்தப்பா பிச்சைமுத்து கத்தினார். மணிமொழி எடுக்கவில்லை. அப்பா அரியமுத்துவின் சாம்பலை விரல்களால் அரித்துக்கொண்டிருந்தாள். பொம்பளை சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்று வாசலிலேயே மறித்தார்கள். மீறி வந்திருந்தாள்.

பதினாறு வருடங்களுக்கு முன் அப்பாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். உலோகக் குழிக்குள் உலோக உருண்டை. "ஆயுசுக்கும் தாங்கும், நல்லா நடங்க" என்றார் டாக்டர். நடந்தார். ஒன்றோடொன்று உரசித் தேய்ந்த உலோகம் ரத்தத்தில் கலந்தது. முதலில் காது மந்தம், பிறகு கை நடுக்கம், கடைசியில் இருதயம். வருஷா வருஷம் ரத்தம் பார்க்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த மாடலைக் கம்பெனி திரும்பப் பெற்றதையும் சொல்லவில்லை. போன மாதம் போய்க் கேட்டபோது ஆஸ்பத்திரியில் சிரித்தார்கள்: "ஃபைல் இல்லம்மா. நாங்கதான் வச்சோம்னு என்ன ஆதாரம்?"

ஆதாரம் அப்பாவுக்குள் இருந்தது. உலோகத்தில் பொறித்த எண்.

எலும்புகள் கிடைத்தன. உலோகம் மட்டும் இல்லை.

பிணம் எரித்த வீரமணியைத் திரும்பிப் பார்த்தாள். "யாருண்ணே வந்தா?"

"விடியக்காலம் கார்ல ஒரு சாரு. ஆஸ்பத்திரியாம். இரும்பு கெடந்தா ஆத்மா அலையும், நாங்களே எடுத்துக்கறோம்னாரு."

"ஆத்மாவா? உசுரோட இருந்தப்ப ஒரு போன் போட்டானுங்களா?"

"கத்தாத. போனது போவட்டும்" என்றார் சித்தப்பா. "கொள்ளிடத்துக்கு வேன் நிக்கிது."

வீரமணி குரலைத் தாழ்த்தினார். "டிராக்டர் பேரிங் ஒண்ணு கெடந்துச்சு, தங்கச்சி. அதுக்குப் பதிலா அத சாம்பல்ல பொரட்டிக் குடுத்தேன். கர்ச்சீப்ல பொத்திக்கிட்டு ஓடிட்டாரு. ஒங்கப்பா நொண்டிக்கிட்டுப் போறத நெதம் பாத்தவன் நான்."

கொட்டகையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்துவந்தார். மணிமொழி உள்ளிருந்த உலோகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். கருகலுக்கு அடியில் எண் அப்படியே இருந்தது.

"அதயும் பானைல போடு" என்றார் சித்தப்பா. "எங்கண்ணன் ஒடம்புல இருந்தது. ஒண்ணாத்தான் கரைக்கணும்."

"இது அவரு ஒடம்பு இல்ல சித்தப்பா. அவரக் கொன்னது."

எலும்புப் பானையை அவர் கையில் கொடுத்தாள். வேன் ஹாரன் அடித்தது. அவள் ரோட்டைக் கடந்து அரியலூர் பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.

"எங்கம்மா?" என்றார் கண்டக்டர், சாம்பல் படிந்த கையைப் பார்த்தபடி.

"கோர்ட்டுக்குங்க."

வழியெல்லாம் வேகத்தடை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் மடியிலிருந்த பொட்டலத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள், அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிப்போகும்போது பிடித்துக்கொள்வதைப் போல.