ஆறு பை அரிசி, இரண்டு கிலோ சீனி

“கிள்ளான்லருந்து பந்திங் வரைக்கும், பொனட்டு மேல விளிம்பு முட்ட ஒரு கப் தேத்தண்ணி. ரோட்டுல வேகத்தடை பம்ப் நாப்பத்தாறு ஏறி எறங்கினேன். ஒரு சொட்டு சிந்தல. பந்திங்ல நிறுத்தி அதையேதான் குடிச்சேன்.”

ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடி திருச்செல்வம் இதைச் சொன்னபோது, வெளியே போர்ச்சில் வண்டிக்கு அடியில் கிடந்த மைத்துனன் தம்புசாமி ஸ்பேனரைப் போட்டுவிட்டுச் சிரித்தான்.

“போன மாசம் முப்பதுன்னு சொன்னீங்க மச்சான்.”

“அதுக்கப்புறம் புதுசா போட்டிருக்கான் லா.”

பெட்டியில் உதிரிகளாக வந்து, திருச்செல்வம் ஏழு வருடம் உட்கார்ந்து பூட்டிய வண்டி. கூரையும் இல்லை, கதவும் இல்லை. இரண்டு பூனைகள் சேர்ந்து தள்ளினால் நகரும் என்று தாமான் குடியிருப்பு முழுக்கப் பேச்சு. அத்தனை லேசான வண்டிக்கு உட்காருகிற ஆளும் ஓர் உறுப்பு. ஆளின் எடையைச் சீட்டில் ஏற்றி வைத்துத்தான் ஸ்பிரிங்கைத் திருக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மூலை தொங்கும், ஒரு மூலை துள்ளும். அதற்காக மைதீன் கடையிலிருந்து பத்துக் கிலோ அரிசிப் பைகளும், சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு தராசுகளும் இரவல் வந்திருந்தன.

“டிரைவர் சீட்ல எத்தன பை மச்சான்?”

“ஆறு. அதுமேல ரெண்டு கிலோ சீனி.”

தம்புசாமி ஜன்னலைப் பார்த்தான். போர்வைக்குள் கிடந்தவர் நான்கு பைகூடத் தேறமாட்டார்.

“பக்கத்து சீட்ல ஒம்பதரை வை.”

“ஒம்பதரையா? யாரு அந்த யானை?”

திருச்செல்வம் கூரையைப் பார்த்து இளித்தார்.

“பின்னால எடது பக்கம் கால் சுத்து ஏத்து. மூலைக்கு மூலை குறுக்க கூட்டிப் பாரு, ரெண்டும் ஒண்ணா வருதா?”

மூன்று மணி நேரம் திருகிய பிறகு வந்தது.

“அப்ப பூட்டிடு. இனிமே யாரும் தொடக்கூடாது. எனக்குப் பால் ஊத்தப் போறப்ப இதுலதான் போவணும்.”

“வாய மூடுங்க,” என்று சமையலறையிலிருந்து அதட்டினாள் அவர் மனைவி லோகேஸ்வரி.

சாயங்காலம் அவள் கஞ்சி கொண்டுவந்தபோது அந்த இளிப்பு அப்படியே இருந்தது. அவர் இல்லை.

எரித்த மறுநாள் காலை, சாம்பலுக்கு ஊற்றப் பாலை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். பிள்ளை இல்லாத வீடு. தம்புசாமிதான் ஊற்ற வேண்டும். மச்சானின் புளுகைக் கடைசியாக ஒருமுறை கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டுமென்று, சொம்பை விளிம்பு முட்ட நிரப்பினான். டிரைவர் சீட்டில் ஏறினான். வண்டி வலப்பக்கம் சாய்ந்து முனகியது.

“எறங்குடா,” என்றாள் லோகேஸ்வரி. “நீ எத்தன கிலோ?”

“தொண்ணூத்தஞ்சு.” சொன்னவன் பாதி இறங்கியபடி அவள் பக்கம் திரும்பினான். “உனக்கு எத்தனக்கா?”

“கிளினிக்ல அறுபத்திரெண்டு சொன்னாங்க.”

இருவரும் இரண்டு சீட்டுகளையும் பார்த்தார்கள்.

லோகேஸ்வரி சாவியை வாங்கிக்கொண்டு ஏறினாள்.

“பொம்பளைங்க அங்க போற வழக்கம் இல்லடி,” என்று வாசலிலிருந்து கத்தினாள் மாரியாயி சித்தி.

“என்ன பண்றது சித்தி,” என்றான் தம்புசாமி, இடப்பக்கச் சீட்டில் ஏறி உட்கார்ந்து. “செட்டிங் அப்படி.”

வழியெல்லாம் அவன் சாலையைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த சொம்பைப் பார்த்தபடி பம்ப்புகளை வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தான். அவளும் ஒரு பம்ப்புக்குக்கூட வேகத்தைக் குறைக்கவில்லை.

மின்சுடலையில் சாம்பல் தட்டில் இருந்தது.

“ஊத்துங்க,” என்றார் பண்டாரம்.

தம்புசாமி ஊற்றவில்லை. வேட்டியில் ஒரு சொட்டு ஈரமில்லை. பால் விளிம்பிலேயே நின்றது. தட்டின் அருகே குனிந்தான்.

“நாப்பத்தாறு இல்ல மச்சான், இந்த வழியில பதினேழுதான். ஆனா சிந்தல.”

லோகேஸ்வரி அவன் முழங்கையைத் தொட்டாள். அதன் பிறகுதான் சொம்பு சாய்ந்தது.