இராசேந்திரம் வீட்டு முற்றத்து நிழல்கள்

2018ஆம் ஆண்டு வைகாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தாழ்வுபாடு என்ற மீனவ ஊரில் முப்பத்தைந்து பேருடைய நிழல்கள் அவர்களை விட்டுப் போய் இராசேந்திரத்தின் முற்றத்தில் படுத்துக்கொண்டன. அன்று நெத்தலி நல்ல விலைக்குப் போனதால் பலர் மத்தியானம் வரைக்கும் அதைக் கவனிக்கவில்லை. முதலில் கண்டது பாண் விற்கும் றொட்னி. ரோட்டில் தன் சைக்கிளின் நிழல் மட்டும் தனியாக ஓடுவதைக் கண்டு இறங்கிப் பார்த்தான். சைக்கிளுக்கு நிழல் இருந்தது, அவனுக்கு இல்லை. இரண்டு முறை கையை ஆட்டிப் பார்த்துவிட்டு, பாண் ஆறுவதற்குள் மிச்சத்தை விற்கப் போய்விட்டான்.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இராசேந்திரம் 1990இல் படகேறி, இந்தியாவில் அகதி முகாமில் இருபத்தேழு வருடம் இருந்துவிட்டு, மனைவி பாலேஸ்வரியோடும் பதினாறு வயது மகள் கிருஷாந்தினியோடும் திரும்பி வந்தவர். அரசாங்கக் கந்தோரில் கடற்கரையோரம் ஒரு துண்டுக் காணி கொடுத்திருந்தார்கள், அதுவும் ஒரு வருடத் தற்காலிக அனுமதியில். அவர் சின்னப் படகில் மீன் பிடித்தார், பாலேஸ்வரி கருவாடு போட்டார். கிருஷாந்தினி முகாமிலேயே பிறந்தவள் என்பதால் கடைக்குப் போனால் "அண்ணே, கால் கிலோ சீனி குடுங்க" என்பாள். ஊர்க்காரர் 'தாங்கோ' என்பார்கள். அந்த 'குடுங்க' ஒன்றே ஊருக்குப் போதுமாக இருந்தது. அவர்களுக்கு இந்தியாக்காரர் என்று பெயர் வைத்தார்கள். அந்த வருடம் இந்தியக் கரையிலிருந்து இழுவைப் படகுகள் வந்து வலைகளை அறுத்துக்கொண்டு போன வருடம். இழுவைப் படகுக்காரரிடம் போய்க் கேட்க எவருக்கும் வழியில்லை. இந்தக் குடும்பத்தின் வேலி கையெட்டும் தூரத்தில் இருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆகவே நிழல்கள் போவதற்கு முந்தின நாள் கடற்றொழிலாளர் சங்கம் ஒரு மனு எழுதியது. அந்த வீட்டுப் பெட்டை பின்னேரங்களில் கடற்கரையில் நின்று போன் கதைக்கிறாள், இழுவைப் படகுகளுக்குத் தகவல் போகிறது, அந்த முற்றத்தில் இருந்து கருவாட்டு நாற்றம் வருகிறது, எனவே காணி அனுமதியை நீடிக்கக் கூடாது என்பது மனுவின் சாரம். ஊரில் கருவாடு காயாத முற்றம் ஒன்றுகூட இல்லை என்பதை மனுவை வாசித்தவர்கள் எவரும் யோசிக்கவில்லை. எழுதியது பதினான்கு வயதுக் கிறிஸ்ரினா. அவள் சங்கச் செயலாளர் அன்ரனியின் மகள், கையெழுத்துப் போட்டியில் மாவட்டத்தில் முதலாம் இடம் வந்தவள். சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கடலில் நிற்கிறவர்களுக்காகச் செயலாளர் வீட்டிலேயே கையெழுத்தை வைத்துவிடுவார்கள். மண்ணெண்ணெய் மானியம் முதல் கோயில் திருநாள் பட்டியல் வரை அப்படித்தான் நடந்தது, எவரும் குறை சொன்னதில்லை. அன்றும் ஏழு பேர் கடலில் நின்றார்கள். ஏழு கையெழுத்தையும் கிறிஸ்ரினாவே விதவிதமாகப் போட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நிழல்கள் கணக்கில் பிழை விடவில்லை. தன் கையால் கையெழுத்து வைத்தவர்களுடையவை மட்டும்தான் போயின. கடலில் நின்ற ஏழு பேருக்கும் நிழல் காலடியிலேயே இருந்தது. கிறிஸ்ரினாவின் நிழலோ ஏழு ஆள் அகலத்துக்குப் பெருத்து, இராசேந்திரத்தின் முற்றத்து நடுவில் கிடந்தது. அவள் அப்பாவுடைய நிழல் கிணற்றுப் பக்கம் கிடந்தது. சூரியன் எந்தப் பக்கம் போனாலும் அவை அசையவில்லை. கொளுத்தும் வெயிலில் அந்த முற்றம் மட்டும் மழை இருட்டாகக் கிடந்தது. பாலேஸ்வரி போட்ட சூடைக் கருவாடு மூன்றாம் நாள் புழுத்தது. அடுத்ததும் புழுத்தது. ஊர் அதைக் கண்டு, "பாத்தீங்களே, கடவுளே காட்டிக்குடுத்திட்டார்" என்றது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

நிழல் இல்லாத பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் எவரும் விளையாடச் சேர்க்கவில்லை. இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு சனிக்கிழமை கிறிஸ்ரினா அந்த வேலியைத் திறந்துகொண்டு போய், தன் நிழலின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை.

பாலேஸ்வரி குசினியில் இருந்து எட்டிப் பார்த்து, "இழுக்காதை பிள்ளை, கிழிஞ்சிடும்" என்றார். பிறகு தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். மனுவை எழுதியது இவள்தான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சீனியும் கூடப் போட்டார். கிறிஸ்ரினா அதை மிச்சமில்லாமல் குடித்தாள். குடித்து முடித்ததும் கருவாட்டுக் கூடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ரோட்டோர வெயிலில் பரப்பப் போனாள். அடுத்த நாளும் போனாள். நான்கு மாதம், பள்ளிக்கூடம் விட்டதும் அதே வேலை. அன்ரனி கேட்டபோது ரியூசன் என்று சொன்னாள்.

பின்னேரப் போனில் கிருஷாந்தினி யாரோடு கதைத்தாள் என்பது கிறிஸ்ரினாவுக்கு அங்கேதான் தெரிந்தது. அண்ணன் ஜெனோஜனின் பத்திரங்களில் ஏதோ சிக்கல், அவன் முகாமிலேயே நின்றுவிட்டான். கடற்கரையில்தான் சிக்னல் கிடைக்கும். "எப்போ வர்றே, அம்மா தினமும் உனக்கும் சேர்த்துத்தான் சோறு வைக்குது" என்று தங்கை கேட்பாள். வேறு எந்தத் தகவலும் எந்தப் படகுக்கும் போகவில்லை. கொட்டிலின் பின்னால் இராசேந்திரத்தின் வலையும் கிடந்தது, நடுவால் அறுந்து.

"ஏன் மாமா ஒருத்தரிட்டயும் சொல்லேல்லை?" என்று கிறிஸ்ரினா கேட்டாள்.

"என்ர வலையும் அறுந்தது எண்டா ஆர் பிள்ளை நம்புவினம்?" என்றார் இராசேந்திரம். அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அனுமதி முடிய ஒன்பது நாள் இருக்கும்போது, ஞாயிறு பூசை முடிந்து சங்கம் கூடியது. கிறிஸ்ரினா கதிரைகளுக்கு நடுவில் எழுந்து நின்றாள். அவள் வாயைத் திறந்தால் அப்பாவின் செயலாளர் பதவி போகும் என்பது அவளுக்குத் தெரியும். "ஏழு கையெழுத்து நான் போட்டனான். அவையளைக் கேக்கேல்லை. இராசேந்திரம் மாமாவின்ர வலையும் அறுந்துதான் கிடக்கு, போய்ப் பாருங்கோ" என்றாள். பிறகு அழுதாள். கடலில் நின்ற ஏழு பேரும் அன்று கரையில் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான மில்ரன் எழுந்து, தான் அப்படி ஒரு மனுவையே கண்டதில்லை என்றார். செய்தி போனதும், கள்ளக் கையெழுத்துள்ள மனு செல்லாது என்று கந்தோர் அதைத் திருப்பி அனுப்பி, காணி அனுமதியை நீடித்தது. அன்ரனியின் பதவி போனது. அவர் மகளோடு நாற்பது நாள் கதைக்கவில்லை. அன்று கூட்டம் முடிந்து வெளியே வந்தபோதே கிறிஸ்ரினாவின் நிழல் கோயில் படியில் கிடந்தது, பழைய அளவில், கருவாட்டு மணத்தோடு.

மற்றவர்களும் ஒவ்வொருவராக இராசேந்திரத்தின் வீட்டுக்குப் போனார்கள். பிழை விட்டிட்டம் என்று வாயால் சொன்னால் நிழல் எழும்பி வரும் என்பது பரவிவிட்டது. ஆனால் நேரே போய்ச் சொல்ல வெட்கம். றொட்னி பாண் கொடுக்கப் போவதுபோலப் போய்ச் சொன்னான். சிலர் உளி கேட்கிற சாட்டில் போனார்கள். ஒரே மாதத்தில் பன்னிரண்டு பேர் உளி இரவல் கேட்டது தாழ்வுபாட்டில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அடுத்த நத்தார்த் திருநாளுக்குள் முற்றம் வெளித்துவிட்டது. அன்ரனியின் நிழல் மட்டும் கிணற்றடியில் மிஞ்சியது. மனுதான் செல்லாமல் போயிற்றே, பிறகு என்ன மன்னிப்பு என்று அவர் சொல்லிக்கொண்டார். நிழல் இல்லாமலே கடலுக்குப் போனார், வந்தார், கலியாணவீடுகளில் படமும் எடுத்தார். கொஞ்ச நாளில் ஊரும் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டது.

கிறிஸ்ரினா வளர்ந்தாள். உயர்தரப் பரீட்சைக்கு ஆங்கில இலக்கியம் எடுத்து, பழைய அமெரிக்க நாவல்கள் சிலவற்றைப் பள்ளிக்கூட நூலகத்தில் வாசித்தாள். ஒரு சின்ன ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரு அப்பாவியைக் குற்றவாளியாக்குவதும், அதைப் பார்த்து ஒரு பிள்ளை பெரிய ஆளாவதும் அவற்றில் திரும்பத் திரும்ப வந்தன. நல்ல புத்தகங்கள்தான், ஆனால் அந்த ஊர்களில் எவருடைய நிழல் எங்கே போனது என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை என்று அவள் ஆசிரியையிடம் குறைப்பட்டாள். ஆசிரியை அன்ரோனெற் அதே ஊர்க்காரி. "அங்கத்தைய வெயில் வேறயாக்கும்" என்றார்.

2024இல் ஜெனோஜன் ஒருவழியாக மனைவியோடும் மூன்று மாதப் பெண் குழந்தையோடும் வந்து சேர்ந்தான். பங்குனி வெயிலில் குழந்தை ஓயாமல் அழுதது. அந்தக் கடற்கரை முற்றத்தில் ஒரு மரம் கிடையாது. அன்ரனியின் நிழல்தான் கிடந்தது. பாலேஸ்வரி அதற்குள் இரண்டு கம்பு நட்டு, சேலையில் ஏணை கட்டிக் குழந்தையைக் கிடத்தினார். குழந்தை உறங்கியது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் புறப்படும் கிழமை, "இனியெண்டாலும் போய் உங்கட நிழலை எடுங்கோவன் அப்பா" என்று கிறிஸ்ரினா கேட்டாள். அன்ரனி வலையைச் சுருட்டிக்கொண்டு கடலுக்குப் போனார். ஆனால் மறுநாள் பதினொரு மணிக்குச் சேட்டு மாட்டிக்கொண்டு போனார். வேலியடியில் நின்றவரைப் பாலேஸ்வரி, "உள்ளுக்கு வாங்கோ" என்றார். இராசேந்திரம் வலையின் கிழிசலைப் பொத்துவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

அன்ரனி அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. "உங்கட வலை அறுந்து கிடந்ததை நான் மனு எழுத முந்தியே கண்டனான்" என்றார். "கண்டும்தான் எழுதுவிச்சனான். பிழை என்னிலைதான்."

கிணற்றடியில் நிழல் அசைந்தது. ஏணையின் ஒரு பக்கம் வெயில் விழுந்தது, குழந்தை முகத்தைச் சுளித்தது. அன்ரனி அவசரமாகக் கையைக் காட்டி, "வேண்டாம், வேண்டாம், அது கிடக்கட்டும். பிள்ளை நித்திரை" என்றார். நிழல் திரும்பவும் படுத்துக்கொண்டது. பாலேஸ்வரி அவருக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். இப்போதும் கடலுக்குப் போகாத நாட்களில் அவர் அங்கே போய்த் தேத்தண்ணி குடிக்கிறார். நிழலுக்குள் ஏணைக்கு மட்டும்தான் இடம் இருக்கிறது என்பதால், கதிரையை வெயிலில் போட்டுக்கொண்டு இருக்கிறார்.