வெளியிலிருந்து வந்த மென்பொருள்

ஸ்டிக்கர் வெட்டும் பழைய மெஷின் ஒருவழியாக மூச்சை நிறுத்தியதும், பெயர்ப்பலகைக் கடை அக்கா புதியது ஒன்றை வாங்கிப் போட்டாள். கம்ப்யூட்டரோ அதைச் சீந்தவே இல்லை.

கம்ப்யூட்டரில் இருந்தது விண்டோஸ் இல்லை, லினக்ஸ்; தம்பி போட்டுக்கொடுத்தது. எந்த மென்பொருள் வேண்டுமானாலும் லினக்ஸின் சொந்தக் கிடங்கிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று அவன் பெருமையடித்திருக்கிறான். இந்த மெஷினுக்கானது அந்தக் கிடங்கில் இல்லை. கம்பெனியின் இணையப் பக்கத்திலிருந்து கோப்பை இறக்கி, டெர்மினல் என்கிற கறுப்புத் திரையில் ஒரு கட்டளை வரி அடிக்கச் சொல்லியிருந்தார்கள். அடித்தாள். உனக்கு அனுமதி கிடையாது என்று பதில் வந்தது. அதிகாரமெல்லாம் கம்ப்யூட்டரில் தம்பி பெயரில் இருந்த கணக்குக்குத்தான்.

தம்பி வேறு ஊருக்குப் போய் மூன்று வருடமாகிறது. சண்டை என்று சொல்ல முடியாது. ஒத்தாசைக்கு வந்த அவன் மனைவி ஒரு போர்டைக் கோணலாக ஒட்டிவிட்டாள். "நீ கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தாலே பெரிய உதவிம்மா" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே சொல்லிவிட்டாள் அக்கா. கொட்டிய சொல்லை அள்ள முடியுமா? அந்தப் பெண் அதன் பிறகு கடைப்படி ஏறவில்லை. கொஞ்ச நாளில் தம்பியும் ஏறவில்லை.

மதியம் தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்ததும் போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது குரல் வந்தது.

"சொல்லுக்கா."

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன். என்ன விஷயம்?"

சொன்னாள். அவன் நிதானமாகக் கேட்டுக்கொண்டான். முதலில் தன் கணக்குக்கு மாறச் சொல்லி, அதற்கான வரியை எழுத்தெழுத்தாகச் சொன்னான்.

"பாஸ்வேர்டு கேக்குதுடா."

"நீ என்னைத் திட்டுற வார்த்தைதான். இங்கிலீஷ் எழுத்துல அடி."

"எதுன்னு சொல்லு. ஒண்ணா ரெண்டா?"

"மரமண்டை."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கமும் லேசாக மூச்சு விட்டுச் சிரிப்பது கேட்டது.

"அடிச்சா ஒண்ணுமே விழலியே."

"திரையில தெரியாதுக்கா. உள்ள போயிட்டுதான் இருக்கும். நம்பி அடி."

நம்பி அடித்தாள். திறந்துகொண்டது. மெஷினின் மென்பொருளுக்குத் துணையாக இன்னும் சில வேண்டியிருந்தன. அவற்றை இழுத்துவர நேரம் பிடித்தது. கறுப்புத் திரையில் வரிகள் ஓடின. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அவன் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவினார்கள்.

"அவளா?"

"ம்."

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவகிட்ட சொல்லு."

"சொல்றேன்." பாத்திரச் சத்தம் நின்றது. அவன் அவளைப் போனுக்குக் கூப்பிடவில்லை. சத்தம் மறுபடியும் தொடங்கியது.

"முடிஞ்சிருச்சாக்கா?"

"முடிஞ்சிருச்சு."

"சரி, இன்னும் ஒரு வரி சொல்றேன். அடிச்சா உன் கணக்குக்கே எல்லா அதிகாரமும் வந்துரும். அப்புறம் என் கணக்கை அழிச்சிடு. இனிமே என்னைத் தேட வேண்டியிருக்காது."

"அது பாட்டுக்கு இருக்கட்டுமேடா."

"சும்மா எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு?"

அதிகாரத்துக்கு அவன் சொன்ன வரியை மட்டும் அவள் அடித்தாள்.

"வேலை இருக்குக்கா, வைக்கிறேன்" என்றான்.

மெஷின் ஒரு முறை சிலிர்த்து, ஒரு பல் மருத்துவரின் போர்டுக்கான எழுத்துகளைப் பிசிறில்லாமல் வெட்டித் தள்ளியது. காட்டுவதற்குத்தான் கடையில் ஆள் இல்லை. ஓரங்களை அவளே உரித்தாள்.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும், யார் உள்ளே வருகிறீர்கள் என்று கேட்டு அவள் பெயர், தம்பி பெயர் என்று இரண்டையும் காட்டியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் பெயரை அழுத்தினாள்.