நாலு விரல் இறக்கம்

என் அண்ணனுக்கு இறந்தவர்களை வண்டியில் ஏற்றி இறக்கும் வேலை. பதினெட்டு வருடத்தில் ஏறிய ஒருவரும் அவனைக் குறை சொன்னதில்லை. சொல்லும் நிலையில் யாரும் ஏறியதுமில்லை.

குடலிறக்கத்துக்கு அறுவை செய்து ஆறு வாரம் வீட்டில் கிடந்தான். எழுந்ததும் டாக்டர் சொன்னார்: பெல்ட்டுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. முதலாளியும் சொன்னார்: திங்கட்கிழமை வந்து பெட்டியைத் தூக்கிக் காட்டு, முடியாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்.

சவ வண்டியின் பின்தளம் அண்ணனின் பெல்ட்டுக்கு இரண்டு விரல் மேலே இருந்தது.

“பேன்ட்டை நெஞ்சு வரைக்கும் ஏத்திக்கோ. டாக்டர் பேச்சையும் கேட்ட மாதிரி ஆச்சு” என்றான் ஒட்டடை. அண்ணனோடு பெட்டி தூக்குகிறவன். ஒட்டடைக்குச்சி உயரம் என்பதால் அந்தப் பெயர். அவனுக்கு அந்தத் தளம் தொடையளவுதான், அதனால் சிரிப்பு வந்தது.

புதன்கிழமை காலை அண்ணன் சவ வண்டியை நேராக என் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினான். என்னிடம் அவசரம் அவசரம் என்று கத்திக்கொண்டிருந்த வாடிக்கையாளர் அதைப் பார்த்ததும், அவசரமே இல்லை, நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார்.

“தங்கச்சி, ஸ்பிரிங்குல ரெண்டு சுத்து வெட்டி விட்டுடு. பத்து நிமிஷ வேலையாம்.”

“எவன் சொன்னான்?”

“எல்லாரும் சொல்றாங்க.”

அப்படி வெட்டிய கார் ஒன்று மூலையில் நின்றது. ஜாக்கி வைத்துத் தூக்கினேன். சக்கரம் தொங்கியதும் வெட்டிய ஸ்பிரிங் தான் பொருந்தியிருந்த கிண்ணத்தை விட்டு விலகி ஆடியது. வெறுங்கையால் உருவி அண்ணன் கையில் கொடுத்தேன்.

“குழியில இறங்கி சக்கரம் தொங்கும்போது இது எங்கே போகும்னு நினைக்கிறே? வெட்டினா வண்டி இறங்கும்தான். அப்புறம் உன்னையும் பெட்டியில வச்சு இறக்கணும்.”

அவன் அதை எலிவாலைப் பிடிப்பதுபோல் பிடித்துத் தரையில் வைத்தான்.

“வண்டி தாழ்வாத்தான் இருக்கு, உனக்குத்தான் பயம்கிறாரு முதலாளி.”

“அவர் எங்கே பார்க்கிறாரு? கல்லறையில, பெட்டி உள்ள இருக்கும்போது. நீ ஏத்துறது காலி வண்டியில.”

அந்த வண்டியின் ஸ்பிரிங் உயரம், ஆனால் இளக்கம். காலியாக இருக்கும்போது மாப்பிள்ளை முறுக்கோடு நிமிர்ந்து நிற்கும். பெட்டி ஏறியதும் மாமனாரைப்போல் குழைந்துவிடும். அண்ணனுக்குத் தேவை குட்டையான, ஆனால் விறைப்பான ஸ்பிரிங். காலியாக இருந்தாலும் தாழ்ந்தே நிற்கும். பளு ஏறினாலும் அதிகம் அமுங்காது. அந்த வண்டிக்கென்றே அளந்து செய்தது கிடைக்கிறது, அதற்கேற்ற ஷாக் அப்சார்பரோடு. மாற்றலாமா என்று அண்ணன் கேட்டதற்கு, வண்டி கெடாமல் இருந்தால் சரி என்றார் முதலாளி.

“ஆறு விரல் இறக்கிடு.”

“நாலுதான்.”

“பிச்சை போடுறியா? அதுவும் உன் விரலா, என் விரலா?”

“கல்லறை வாசல்ல வேகத்தடை இருக்கு. டேப் வச்சு அளந்துட்டு வந்தேன். ஆறு இறக்கினா பெட்டியோட போகும்போது வயிறு தட்டி அங்கேயே உட்கார்ந்துடும். துக்கத்துக்கு வந்தவங்க இறங்கித் தள்ளணும்.”

“முன்னாடி எதுக்கு மாத்துறே? நான் பின்னாடிதானே தூக்குறேன்?”

“பின்னாடி மட்டும் இறக்கினா மூக்கைத் தூக்கிக்கிட்டு லைட்டு குருவிக்கூட்டைத் தேடும். பேசாம தள்ளி நில்லு.”

தள்ளி நிற்கச் சொன்னது கோபத்தில் அல்ல. கருவி போட்டு அமுக்கிக் கட்டிய ஸ்பிரிங் நழுவினால் தாடையைப் பெயர்த்துவிடும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவருக்குப் பல் நாலு குறைவு.

வெள்ளிக்கிழமை மதியம் நான்கையும் மாற்றி முடித்து ஜாக்கியை இறக்கினேன். அண்ணன் பெல்ட்டை ஒட்டி நின்று பார்த்தான். தளம் பழைய உயரத்திலேயே இருந்தது. சொல்லப்போனால் ஒரு விரல் கூடுதல்.

“அடிப்பாவி! என் வயித்துல அடிச்சிட்டியே! திங்கட்கிழமை நான் எந்த மூஞ்சியோட போவேன்? கூடப் பொறந்தவளாச்சேன்னு நம்பி வந்தேன் பாரு!”

ஸ்பிரிங்கை வெட்ட அவன் கண் கிரைண்டரைத் தேடியது. நான் வண்டியில் ஏறி, பத்தடி முன்னால் உருட்டி, பத்தடி பின்னால் உருட்டினேன். தூக்கி இறக்கிய வண்டியின் சக்கரங்கள் தரையைக் கவ்விக்கொண்டு நிற்கும். உருண்டால்தான் உடம்பு கீழே அமரும். அமர்ந்தது. பெல்ட்டுக்கு இரண்டு விரல் கீழே.

அண்ணன் மூன்று தடவை அளந்தான். பிறகு, “முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன?” என்றான்.

“நீ எப்போ வாயை மூடினே?”

அதன்பிறகுதான் உண்மையான வேலை. வண்டி தன் காலில் நிற்கும்போதே போல்ட்டுகளை இறுக்கினேன். சக்கரங்களை நேர்படுத்தி, லைட்டைச் சரிசெய்தேன். பின்பக்கம் தாழ்ந்தால், பளுவுக்கேற்ப பின் பிரேக்கைக் கூட்டுகிற வால்வு, எந்நேரமும் உள்ளே பிணம் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். அதையும் திருத்தினேன். மணல் மூட்டை ஏற்றி வேகத்தடையைக் கடந்தோம், தட்டவில்லை. சனிக்கிழமை வண்டிச் சோதனை அலுவலகத்தில் காட்டி எழுதி வாங்கினோம்.

திங்கட்கிழமை, மருத்துவமனையின் பின்வாசல். போனவர் ஒரு பேக்கரிக்காரர், வாழ்நாள் முழுக்கத் தன் சரக்கைத் தானே ருசி பார்த்து விற்றவர். பெட்டியைப் பார்த்ததுமே ஒட்டடைக்கு முகம் தொங்கிவிட்டது. முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானும் போயிருந்தேன், எதற்கென்றே தெரியாமல் கையில் ஒரு ஸ்பேனரோடு.

அண்ணன், ஒட்டடை, இன்னும் இரண்டு பேர். தள்ளுவண்டியிலிருந்து எடுத்தார்கள். அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது. பெட்டியின் அடிப்பலகை பெல்ட் வாரை உரசியபடி தளத்தின் விளிம்பைத் தொட்டது. தள்ளினான். உருளைகளில் வழுக்கி உள்ளே போயிற்று. அண்ணன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டான். ஒன்றும் பிதுங்கவில்லை.

“பழைய ஆளாவே வந்துட்டானே!” என்றார் முதலாளி. “நல்லதாப் போச்சு. சாயந்திரம் ஒரு மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது.”

அண்ணன் பின்கதவைச் சாத்தினான். எதற்கும் “சரிங்க முதலாளி” சொல்லியே பழகிய வாய்.

“படிக்கட்டை இறக்க என் தங்கச்சியால ஆகாதுங்க முதலாளி. வண்டி வரைக்கும் யாராவது கொண்டு வரட்டும். வண்டியில ஏத்துறது என் பொறுப்பு, இப்ப பார்த்தீங்கல்ல.”

முதலாளி அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த ஸ்பேனரையும் பார்த்தார்.

“யோவ் ஒட்டடை, சாயந்திரம் நீ மேலே போ.”

ஒட்டடை என் பக்கத்தில் வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இனிமே ஏத்துறப்ப எல்லாம் நான் குனியணும். அது பத்தாதுன்னு மாடி வேற. அவன் வயித்தைக் காப்பாத்தி என் முதுகை ஒடிச்சிட்டியேம்மா, நல்லா இருப்பியா நீ?”

“இருப்பேண்ணே” என்றேன். “வண்டியை எடுக்கச் சொல்லுங்க, பேக்கரிக்காரருக்கு நேரமாகுது.”