ஆகஸ்ட் பதினொன்றின் நாற்காலி

நவ்ஷீன் இன்றைக்கு ஒஹையோவில் பெயர் சொல்லும் டாக்டர். ஆனாலும் ஆகஸ்ட் பிறந்தால் அவள் மனம் சிகாகோவுக்கு ஓடி, டெவான் தெரு இறைச்சிக்கடைக்கு மேலிருந்த அந்தச் சமையலறையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஜன்னலைத் திறந்தால் கறி வாசம், மூடினால் புழுக்கம். எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

அங்கே அவளோடு இருந்தவள் தாலின். அலெப்போவில் சோப்பு விற்ற ஆர்மீனியரின் மகள். நவ்ஷீனின் அப்பாவுக்குக் கராச்சி ஜோடியா பஜாரில் ஏலக்காய் மொத்த வியாபாரம். இருவரும் சொந்த ஊரில் டாக்டருக்குப் படித்துவிட்டு, அமெரிக்காவில் ரெசிடென்சி பயிற்சிக்கு இடம் தேடி வந்தவர்கள். உரிமத் தேர்வில் இரண்டாம் கட்டம் பாக்கி.

செப்டம்பர் பதினைந்து காலையில் ஆஸ்பத்திரிகள் விண்ணப்பங்களைத் திறக்கும். மதிப்பெண் இல்லாத விண்ணப்பம் அடிக்கட்டுக்குப் போய்விடும். தேர்வு எழுதி மதிப்பெண் வர நாலு வாரம் ஆகும். தாலினுக்குத் தேர்வெழுத ஆகஸ்ட் பதினொன்றில் இடம் இருந்தது. பயந்துபோய்ச் செப்டம்பர் ஆறு வாங்கியிருந்த நவ்ஷீனுக்கு இப்போது ஆகஸ்ட் வேண்டும். ஊரெல்லாம் தேர்வு மையங்கள் நிரம்பிக் கிடந்தன. அவள் பட்டம் வாங்கி ஐந்தாவது வருஷம். அதற்கு மேல் பழைய சரக்கைப் பல ஆஸ்பத்திரிகள் கையாலும் தொடுவதில்லை.

“இருநூத்தி இருபத்தி நாலை வெச்சுக்கிட்டு எதுக்குடி அவசரம்?” என்றாள் தாலின். “உக்காந்து படி. நான் இருநூத்தி நாப்பது, அதனால போறேன்.”

மாதிரித் தேர்வில் வாங்கியதை உள்ளபடி சொல்லும் வழக்கம் அந்த வட்டாரத்தில் எவருக்கும் கிடையாது. கண்பட்டுவிடும் என்று குறைத்துச் சொல்பவர் பாதி, தைரியத்துக்குக் கூட்டிச் சொல்பவர் மீதி.

“இருபத்தி நாலு பொய்,” என்றாள் நவ்ஷீன்.

தாலின் காப்பியைக் கீழே வைத்தாள். “அப்ப எவ்வளவு?”

“நீ உன்னோடத சொல்லு.”

“நீதானே ஆரம்பிச்ச ஜான். முதல்ல நீ.” ஜான் என்றால் இரண்டு பேர் பாஷையிலும் கண்ணே மாதிரி.

“எங்க பஜார்ல யாரும் முதல்ல வாயத் திறக்க மாட்டாங்க, துணிக்கடியில விரலாலதான் விலை சொல்வாங்க. கையக் குடு.”

பாத்திரம் துடைக்கும் துண்டை இருவர் கைகள் மேலும் போட்டாள். அடியில் விரல் பிடித்தாள்: இரண்டு, நாலு, ஒன்று. பிறகு தாலினின் விரல்கள் நகர்ந்தன: இரண்டு, ஒன்று, நாலு.

இருநூற்றுப் பதினாலு. இருநூற்றொன்பதுக்குக் கீழே போனால் ஃபெயில். ஒருமுறை தோற்றால் அது ஆயுசுக்கும் கூடவே வரும்.

“இத வெச்சுக்கிட்டா அடுத்த வாரம் எழுதப் போற?”

“தேதி இருந்துச்சு. விட மனசு வரல.” தாலின் துண்டை இழுத்து மடித்தாள். “எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும். உனக்குத் தாங்காது. கம்ப்யூட்டர எடுத்துட்டு வா, நான் விடற தேதிய நீ பிடிச்சுக்கோ.”

“வேற எவனாவது நடுவுல தட்டிட்டுப் போயிட்டா?”

“போனா ரெண்டு பேரும் கீழ போய்க் கறி வெட்டுவோம்.”

மேஜையின் இரு பக்கமும் திரைகள் திறந்தன. தாலின் நவம்பரில் ஒரு தேதியை அழுத்தினாள். ஆகஸ்ட் பதினொன்று அவள் கையை விட்டுப் போனது. நவ்ஷீன் பக்கத்தைப் புதுப்பித்தாள், இல்லை. மறுபடி, இல்லை. நாலாவது தடவை அந்த ஒற்றை நாற்காலி பச்சையாய்த் தெரிந்தது. அழுத்தியபின்தான் மூச்சு விட்டாள்.

நன்றி சொல்ல வாயெடுத்தவளைத் தாலின் கையமர்த்தினாள். “அப்புறம் அழு. இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு. சிறுநீரகம் எடு, கேள்வி கேக்கறேன்.”

ஒன்பது நாளும் தன் புத்தகத்தைத் தாலின் தொடவில்லை. தப்பாகச் சொன்னால் கரண்டியால் மேஜையைத் தட்டுவாள், சரியாகச் சொன்னால் ஒரு ஆலிவ் கொடுப்பாள். அந்த வருஷம் நவ்ஷீனுக்கும், அடுத்த வருஷம் மிச்சிகனில் தாலினுக்கும் இடம் கிடைத்தது. நவ்ஷீனுக்கு அந்தத் தேர்வில் ஒரு கேள்விகூட இப்போது ஞாபகமில்லை. ஆலிவ்களின் உப்பு மட்டும் நாக்கில் இருக்கிறது.