இரவல் சக்கரம்

முழங்காலுக்குள் யாரோ மணலைக் கொட்டித் தைத்துவிட்ட மாதிரி இருக்கும். காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வலது காலைப் பிடித்து மெல்ல நீட்டுவேன். உள்ளே நறநறவென்று கேட்கும். டைல்ஸ் போடுகிறவனுக்கு முழங்கால்தான் பாதம். வாரம் முழுக்கத் தரையில் மண்டியிட்டு ஊர்ந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். ஞாயிற்றுக்கிழமை அதே முழங்காலைச் சைக்கிள் பெடலில் வைத்து மலை ஏறப் போகிறவனை, "கொழுப்பு" என்ற ஒரே வார்த்தையில் என் மனைவி முடித்துவிடுவாள். அவள் சொல்வதில் தப்பில்லை. ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது தலையை நிமிர்த்திக்கொண்டு போக வேண்டும் என்று ஒருவனுக்கு இருக்காதா?

எங்கள் கோஷ்டியில் நாலு பேர். நான். ஆஸ்பத்திரி நர்ஸ், எல்லோருக்கும் அவள் சிஸ்டர்தான். முப்பது வருஷம் சரக்கு லாரி ஓட்டித் தொப்பையும் முதுகுவலியும் சம்பாதித்துக்கொண்ட லாரிக்காரர். அப்புறம் என் தங்கை புருஷன். மனை வாங்கி விற்கிற தரகர், என்னைவிட வயதில் மூத்தவர், கையில் காசு புரள்கிறவர். அவர் என்னை "மச்சான்" என்று கூப்பிட்டு, வா போ என்பார். நான் "மாப்ள" என்று சொல்லி, வாங்க போங்க என்பேன். தங்கையைக் கொடுத்த இடம். திட்டினால்கூட 'ங்க' போட்டுத்தான் திட்ட வேண்டும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை வெளியூருக்குச் சைக்கிள் பயணம். எந்த ஊர் என்று ஓட்டுப் போடுவதில்லை. ஊருக்கு மேற்கே உள்ள மலைச்சாலையில் எல்லோரும் ஏற வேண்டும். உச்சியில் சோதனைச்சாவடி இருக்கிறது. அதன் தடுப்புக் கம்பை முதலில் தொடுகிறவர்தான் ஊரைச் சொல்வார். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு கூடப் போக வேண்டும். மூன்று வருஷமாகக் கம்பைத் தொட்டது மாப்பிள்ளை. மூன்று வருஷமும் மலைதான். உச்சியில் நின்று சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் படம் எடுத்துக்கொள்ள அவருக்கு மலைதான் தோது.

போன மாதம் சிஸ்டர் என் முழங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இந்த மலையோட நிறுத்திக்க டைல்ஸு. இன்னொரு மலைப் பயணம் போனேன்னா அப்புறம் மாடிப்படி ஏற மாட்ட. சமதரையில ஓட்டு, ஒண்ணும் ஆகாது."

கணக்கு எனக்குப் புரிந்தது. இந்தத் தடவை நான் கம்பைத் தொட்டால் அடுத்த பயணம் கடற்கரை. தொடாவிட்டால் மறுபடி மலை. மலை என்றால் சைக்கிளை விற்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் படுத்துக் கிடக்க வேண்டியதுதான்.

அடிவாரத்து டீக்கடையில் சண்டை ஆரம்பித்தது. மாப்பிள்ளை தன் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி, ஒரு விரலில் தொங்கவிட்டுக் காட்டினார். கருகருவென்று கார்பன் ரிம். என்னுடைய மூன்று மாதக் கூலியைப் போட்டாலும் ஜோடியில் ஒன்றுகூட வாங்க முடியாது. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்காகத்தான் கழற்றினார்.

"ஒத்த விரலு! பாத்தியா மச்சான்? காத்து மாதிரி."

லாரிக்காரர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார். "கனம் குறையணும்னா காலைல ஒழுங்கா கக்கூஸ் போயிட்டு வாங்க. அதுக்குச் செலவே இல்ல."

சிஸ்டர் சிரித்ததில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

"உங்களுக்கு என்னண்ணே தெரியும், பதினாறு சக்கர வண்டி ஓட்டுனவரு" என்றார் மாப்பிள்ளை.

"பதினாறுல ஒண்ணு வெடிச்சா பதினஞ்சு மிச்சம் இருக்கும். உங்களுக்கு?"

"சக்கரத்துக்குக் குடுக்குற காசுல பாதிய ஹெல்மெட்டுக்குக் குடுக்க மாட்டேங்குறாங்க" என்றாள் சிஸ்டர். "மண்டையில தையல் போடும்போது பாக்குறேனே."

மாப்பிள்ளை இருவரையும் கண்டுகொள்ளவில்லை. "இந்த வருஷம் பனிமலை. ரூமுக்குச் சொல்லி வச்சாச்சு."

எனக்குச் சுருக்கென்றது. "இன்னும் ஏறவே இல்ல. அதுக்குள்ள ரூமாங்க?"

"வேற எவன் ஏறப் போறான்? டிரைவரண்ணன் பாதியில மூச்சு வாங்குவாரு. சிஸ்டர் நைட் டூட்டி முடிச்சு வந்திருக்கு. நீ..." என்று என் காலைப் பார்த்தார். "நீ மண்டி போட்டே பழகுனவன்."

லாரிக்காரர் பேச்சைத் திருப்பப் பார்த்தார். தனக்குப் பிடித்தது வறண்ட நாட்டுப் பக்கம் என்றார். வளைவே இல்லாத ரோடு, எதிரே வருகிறவன் அரை மணி நேரத்துக்கு முன்னாலேயே தெரிவான், ஹார்ன் அடிக்க வேண்டாம். சிஸ்டருக்குப் போன் எடுக்காத ஊர் எதுவானாலும் சரி. "வார்டுலேர்ந்து கூப்புட முடியாத எடமா இருக்கணும். சாக்கடை ஓரமா இருந்தாலும் பரவால்ல."

"நான் தொட்டா கடல்" என்றேன்.

"கடல்ல என்ன இருக்கு? உப்புக்காத்து. செயின் துருப்பிடிக்கும்" என்றார் மாப்பிள்ளை.

"மட்டமா இருக்கும்."

அதற்கு மேல் அவரிடம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. வருஷம் பூராவும் ரசமட்டத்தை வைத்து அடுத்தவன் வீட்டுத் தரையைக் குனிந்து குனிந்து பார்க்கிறேன். நான் மட்டம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு தரை கடல்தான். அதன் ஓரமாக, முழங்கால் நோகாமல், மூன்று நாள் ஓட்டிக்கொண்டே போக வேண்டும்.

"மட்டமானவனுக்கு மட்டமான ஊரு" என்றார். கடைக்காரர்கூடச் சிரித்தார்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "மூணு வருஷமா ஜெயிச்சது நீங்க இல்ல மாப்ள. உங்க சக்கரம்."

அவர் முகம் மாறியது. கையிலிருந்த சக்கரத்தை என் நெஞ்சுக்கு நேராக நீட்டினார். "இந்தா. ரெண்டையும் எடுத்துப் போட்டுக்க. உன் தகரத்த எனக்குக் குடு. காலா, சக்கரமான்னு பாத்துரலாம்."

மாற்றுவது பெரிய வேலை இல்லை. திருகைத் தளர்த்தினால் சக்கரம் கையோடு வரும். என் அலுமினியச் சக்கரங்கள் அவர் சைக்கிளுக்குப் போயின. அவர் கார்பன் என் சைக்கிளுக்கு வந்தது. முழு நேரமும் அவர் கைகட்டிப் பக்கத்தில் நின்றார். முடிந்ததும் குனிந்து, என் பிரேக்கை விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார்.

"நல்லாத்தான் புடிக்குது" என்றார். "பத்திரம். நீ குடியிருக்குற வாடகை வீட்ட விட அது ஒசத்தி."

ஏறினேன். பொய் சொல்லக் கூடாது, அந்தச் சக்கரம் சக்கரம்தான். ஒரு மிதி மிதித்தால் ஒன்றரை மிதிக்குப் போயிற்று. ஊம்ம் என்று ஒரு சத்தம். பாதி மலைவரை மாப்பிள்ளையின் மூச்சு என் முதுகில் கேட்டது. அதன்பின் கேட்கவில்லை. கடைசி வளைவில் முழங்கால் நெருப்பாய் எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. எச்சிலைத் துப்பித் துப்பி ஏறினேன். தடுப்புக் கம்பை ஒரு கையால் பிடித்து அப்படியே தொங்கினேன். காவலர் அறையை விட்டு வந்து, "யோவ், கம்பு ஒடிஞ்சிரும்" என்றார்.

மாப்பிள்ளை ரொம்ப நேரம் கழித்து வந்தார். கம்பைப் பார்க்கவில்லை.

"கடல்ங்க மாப்ள" என்றேன்.

"எறங்கு பாப்போம்" என்றார்.

இறங்கினேன். செங்குத்தான இறக்கம், வளைவுக்கு மேல் வளைவு, பிரேக்கை விடவே முடியாது. மூன்றாவது வளைவில் பிளாஸ்டிக் எரிகிற வாடை வந்தது. எவனோ ரோட்டோரம் குப்பையைக் கொளுத்துகிறான் என்று நினைத்தேன். அடுத்த வளைவில் பிரேக் உதறியது. இன்னும் அழுத்திப் பிடித்தேன். டமாரென்று டயர் வெடித்தது. முன்சக்கரம் கையை விட்டுப் போய், நான் தார் ரோட்டில் இழுபட்டேன். முழங்கை, இடுப்பு, அதே வலது முழங்கால்.

பின்னால் வந்த சிஸ்டர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். எலும்பைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "ஒடையல. தோலுதான்" என்றாள். லாரிக்காரர் எதிரே வந்த வண்டிகளை நிறுத்தினார். எல்லாம் ஆன பிறகு மாப்பிள்ளை வந்து சேர்ந்தார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. கால் பிடித்துக்கொண்டது, அதனால் நடந்தே இறங்கினேன் என்றார். நேராகப் போய்ச் சக்கரத்தை எடுத்துச் சுழற்றிப் பார்த்தார். ரிம் ஓரம் இளகி, உதடு வீங்கின மாதிரி பிதுங்கியிருந்தது.

"எமகாதகா! கொன்னுட்டியேடா" என்றார். சக்கரத்தைச் சொன்னார்.

அன்று சாயந்திரமே தங்கை போன் செய்தாள். குரலை அடக்கிப் பேசினாள். "அண்ணா, வீட்டுல சாமானெல்லாம் பறக்குது. உங்கண்ணன் ஒண்ணுமில்லாதவன்னு தெரிஞ்சும் சக்கரத்தக் குடுத்தேன் பாரு, என் புத்தியச் செருப்பால அடிக்கணுங்கிறாரு. நான் என்ன சொல்றது?"

"என்ன கேக்குறாரு?"

"மாடியில ரெண்டு பாத்ரூமும் டைல்ஸ் போடாம கெடக்குது. உன்னையப் போட்டுக் குடுக்கச் சொல்றாரு. சக்கரத்துக்கு ஈடா, கூலியில்லாம."

"சரின்னு சொல்லு." அவளுக்காகச் சொன்னேன்.

புண் ஆறி, பொருக்கு உதிர்வதற்குள் போய் மண்டியிட்டேன். பழைய துணியைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு கலவையைப் பரப்பினேன். மாப்பிள்ளை அவ்வப்போது வாசலில் வந்து நிற்பார். "அந்த மூலை ஏறியிருக்கு பாரு" என்பார். ரசமட்டத்தை வைத்துக் காட்டுவேன். போய்விடுவார். என் மனைவி ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. பேசிய அன்று, "திட்டுனவன் வீட்டுக்கே போய்க் கால அமுக்குறியா?" என்று கேட்டாள்.

இரண்டாவது அறையில் கடைசி வரிசை போட்டுக்கொண்டிருந்த அன்று கோஷ்டி மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தது, பயணத்தைப் பேசி முடிக்க. மாடி ஹாலில் பேசுவது எனக்கு நன்றாகவே கேட்டது.

"பனிமலைதான்" என்றார் மாப்பிள்ளை. "அவன் தொட்டது செல்லாது. தொட்டது என் சக்கரம்."

"காலா சக்கரமான்னு நீங்கதான கேட்டீங்க?" சிஸ்டர் விடவில்லை. "சக்கரந்தான் ஜெயிக்குதுன்னா உங்க மூணு வருஷமும் செல்லாது."

"சிஸ்டர், ஊசி போடுறதோட நிறுத்திக்க."

அப்போது லாரிக்காரர் பையிலிருந்து எதையோ எடுத்துத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. "அந்தச் சக்கரத்தச் சைக்கிள் கடைக்கு எடுத்துட்டுப் போனேன், தேறுமான்னு. கடைக்காரன் பாத்ததும் கேட்டான், எந்தப் புண்ணியவான் கார்பனுக்கு ரப்பர் கட்டையப் போட்டு மலை எறங்குனதுன்னு."

கலவைக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"கார்பனுக்குத் தனி பிரேக் கட்டையாம்" என்றார் லாரிக்காரர். "அலுமினியச் சக்கரத்துக்கு உள்ள கட்டையப் போட்டு அழுத்துனா சூடேறி ரிம்மு இளகிருமாம். சக்கரத்த மாத்துனா கட்டையையும் சேத்து மாத்தணுமாம். வாங்கும்போதே சொல்லித்தான் குடுத்தானாம், உங்ககிட்ட."

"அவன் கேக்கல. நானா ஏன் சொல்லணும்?"

"மறந்துட்டேன்னு சொல்லுங்க. நம்புறேன்."

"ஆமா, மறந்துட்டேன்."

"அப்ப ஏன் நீங்க தள்ளிக்கிட்டு எறங்குனீங்க? எப்பவும் எனக்கு முன்னாடி பேய் மாதிரி எறங்குற ஆளு. அன்னைக்கு அவன் சக்கரத்துல உங்க கார்பன் கட்டை சரியாப் புடிக்காதுன்னு உங்களுக்குத் தெரியும். உங்க வண்டியில தப்புன்னு தெரிஞ்சது, அவன் வண்டியில தெரியலையா?"

தங்கை மாடிப்படி முனையில் வந்து நிற்பது, திறந்திருந்த கதவு வழியாக எனக்குத் தெரிந்தது. கையில் டீ தட்டு. அதைக் கொண்டுவரவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"பிரேக் சொதப்புனா பயந்து மெதுவா எறங்குவான்னு பாத்தேன்" என்றார் மாப்பிள்ளை கடைசியில். "கீழே வரைக்கும் கௌரவமா வந்து சேரக் கூடாதுன்னு நெனச்சேன். விழுவான்னு நெனைக்கல. விழுந்ததுல நஷ்டம் எனக்குத்தான?"

நான் எழுந்தேன். சுவரைப் பிடித்து, ஒரு காலை ஊன்றி, அடுத்ததை இழுத்து. கை முழுக்கக் கலவை. வாசலுக்கு வர நேரமாயிற்று.

"அண்ணா, போதும். வீட்டுக்குப் போ" என்றாள் தங்கை.

"இரு. ரெண்டு கல்லுதான் பாக்கி."

திரும்பிப் போய் மண்டியிட்டு இரண்டு கல்லையும் வைத்தேன். ரப்பர் சுத்தியால் தட்டி, மட்டம் பார்த்து, ஓரத்தைத் துடைத்தேன். கோணலாக வைத்துவிட்டுப் போகலாம். வைத்தால் தினமும் அதைப் பார்க்கப் போகிறவள் என் தங்கை. கையைக் கழுவிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன்.

"சக்கரத்துக்கு ரெண்டு ரூம் போட்டாச்சு. அது தீந்துச்சு" என்றேன். "கம்பத் தொட்டது நான். நீ எனக்குக் கடல் பாக்கி வச்சிருக்க."

'ங்க' போடவில்லை. அவனுக்கு முதலில் உறைத்தது அதுதான். "யாரப் பாத்துடா நீங்குற?" என்று எழுந்தான். லாரிக்காரர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். நான் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்தேன்.

அவன் அந்த வருஷம் பனிமலைக்குப் போனான், புதுச் சக்கரத்தோடு, தனியாக. லாரிக்காரரும் சிஸ்டரும் போகவில்லை. என்னோடு கடலுக்கு வருவதாகச் சொன்னார்கள். நான்தான் ஒப்புக்கொள்ளவில்லை. நாலு பேரும் போக வேண்டும், அவன் வாயைப் பொத்திக்கொண்டு கூட வர வேண்டும், அதுதான் பேச்சு. என் சைக்கிள் சுவரில் சாத்தியபடி நிற்கிறது. விற்கவில்லை.

தினமும் என் டைல்ஸ் மேல் நின்றுதான் குளிக்கிறான். பாக்கி கடற்கரைப் பயணம் ஒன்று. அதை அவன் எனக்கு இன்னும் தரவில்லை.